ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்பிரிங் தேர்வு

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் புதிய ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தும்போது, அவற்றுக்கு ஏற்ற விறைப்பும் நீளமும் கொண்ட சுருள் ஸ்பிரிங்குகளைத் தெரிந்தெடுப்பது ஸ்பிரிங் தேர்வு எனப்படும். ஒவ்வொரு ஷாக் அப்சார்பரும் குறிப்பிட்ட விறைப்பு எல்லைக்குள் அமையும் ஸ்பிரிங்கைக் கருத்தில் கொண்டே தயாரிக்கப்படுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால், விலையுயர்ந்த பாகங்களைப் போட்ட பின்னரும் டயரின் பிடிமானம் முன்பைவிடக் குறையக்கூடும். மேடுபள்ளமான வளைவில் சக்கரம் சாலையை விட்டு எழும்பினால், அந்தக் கணத்தில் அச்சக்கரத்தால் காரைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இரண்டு பாகங்களின் வேலை

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது அழுந்தி ஆற்றலைச் சேமித்து, பிறகு அதைத் திருப்பித் தருகிறது. ஸ்பிரிங் மட்டுமே இருந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்த கார் வெகுதூரம் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே செல்லும். இந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. அதனுள் இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகவும் வால்வுகள் வழியாகவும் தள்ளுகிறது. அப்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

ஸ்பிரிங்கின் விசை அது எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஷாக் அப்சார்பரின் விசை அது எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. எனவே நின்றுகொண்டிருக்கும் காரின் எடையைத் தாங்குவதில் ஷாக் அப்சார்பருக்குப் பெரிய பங்கு இல்லை. வாயு நிரப்பிய வகைகள் மட்டும் காரைச் சிறிதளவு உயர்த்தும்.

ஸ்பிரிங்கின் விறைப்பு

ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அழுத்தத் தேவையான விசையே அதன் விறைப்பு. பள்ளி இயற்பியலில் சுருள்வில் மாறிலி என்று படிக்கப்படுவது இதுவே. ஜப்பானிய நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றும், அமெரிக்க நிறுவனங்கள் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும் குறிக்கின்றன. மில்லிமீட்டருக்கு 1 கிலோ என்பது 9.81 நியூட்டனுக்கும், அங்குலத்துக்கு 56 பவுண்டுக்கும் சமம். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

விறைப்பை நிர்ணயிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவை. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு கூடுகிறது. அதாவது, கம்பி 10 விழுக்காடு தடித்தால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு உயரும். கண்ணால் பார்த்து ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பை மதிப்பிட முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு

ஸ்பிரிங்கின் மேல் அச்சிடப்பட்ட எண் அப்படியே சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை. இரட்டை விஷ்போன் அமைப்பில் ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்திருக்கும். சக்கரம் 10 மி.மீ. உயரும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டுமே அழுந்துகிறது என்று கொள்வோம். இங்கு இயக்க விகிதம் 0.7. நெம்புகோல் விதிப்படி விசையும் தொலைவும் இரண்டுமே இந்த அளவில் குறைவதால், ஸ்பிரிங்கின் விறைப்பை 0.7இன் வர்க்கமான 0.49ஆல் பெருக்க வேண்டும். ஆகவே சக்கரத்தில் கிடைப்பது ஏறத்தாழப் பாதிதான். மக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் இயக்க விகிதம் 1க்கு நெருங்கி இருப்பதால் இழப்பு குறைவு. ஒரு காருக்குப் பொருந்திய விறைப்பை வேறு மாடல் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்வது இதனால்தான் தவறாகிறது.

இயல்பு அதிர்வெண்

எடை வேறுபடும் கார்களை ஒப்பிட, பொறியாளர்கள் இயல்பு அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றனர். ஷாக் அப்சார்பர் இல்லாத நிலையில் காரின் உடல் ஒரு வினாடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதே அது. பொதுவாக ஏற்கப்படும் அளவுகள் வருமாறு:

- சாதாரணப் பயணிகள் கார்: 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ்
- சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்: 1.5 முதல் 2 ஹெர்ட்ஸ்
- பந்தயத் தடத்துக்கான கார்: 2 ஹெர்ட்ஸுக்கு மேல்

காற்றின் கீழ்நோக்கு அழுத்தத்தை நம்பி ஓடும் பந்தயக் கார்களில் இது இன்னும் அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் ஒரு டன் எடையுள்ள இரண்டு இருக்கைக் கார். அதன் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்துள்ளது. நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் அமைப்பு உண்டு. அத்தகைய காரில் ஓட்டுநருடன் சேர்த்து ஒரு சக்கரத்தின் மீது 260 கிலோ விழுகிறது என்று கொள்வோம். சக்கரம், பிரேக் முதலியவற்றின் எடையாக 30 கிலோவைக் கழித்தால், ஸ்பிரிங் தாங்குவது 230 கிலோ. இயக்க விகிதம் 0.7.

அதிர்வெண் 1.5 ஹெர்ட்ஸ் வேண்டுமானால், சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 20.4 நியூட்டன் விறைப்பு தேவை. இதை 0.49ஆல் வகுத்தால் வாங்க வேண்டிய ஸ்பிரிங் 41.7 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 4.25 கிலோ. அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 74 நியூட்டன், அதாவது 7.5 கிலோ தேவை. அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கு கூட, விறைப்பு 78 விழுக்காடு கூட வேண்டியிருக்கிறது.

ஷாக் அப்சார்பரின் அடக்கும் திறன்

ஆட்டம் ஒரு முறைகூட மறுபக்கம் தாண்டாமல், மிக விரைவாக நின்றுவிடத் தேவையான தணிப்பு மாறுநிலைத் தணிப்பு எனப்படும். உண்மையில் கிடைக்கும் தணிப்பு அதில் எத்தனை பங்கு என்பது தணிப்பு விகிதம். வசதியை முதன்மையாகக் கருதும் கார்களில் இது 0.2 முதல் 0.4 வரை இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களில் 0.5 முதல் 0.7 வரை விரும்பப்படுகிறது.

ஒரே ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால் இந்த விகிதம் குறையும். மேற்கண்ட காரில் 41.7 நியூட்டன் ஸ்பிரிங்குடன் விகிதம் 0.6 இருந்ததாகக் கொண்டால், 74 நியூட்டன் ஸ்பிரிங்குடன் அது 0.45 ஆகிவிடும். ஷாக் அப்சார்பரில் எந்தப் பழுதும் இல்லை. அது அடக்க வேண்டிய ஸ்பிரிங்தான் வலுத்துவிட்டது. கார் துள்ளத் தொடங்குவதும், மேடுகளுக்குப் பின் நிலைபெறத் தாமதிப்பதும் இதன் அறிகுறிகள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பந்தயத்துக்கான கடின ஷாக் அப்சார்பரை மென்மையான பழைய ஸ்பிரிங்குடன் போட்டால், அழுந்திய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும. தொடர்ச்சியான மேடுகளில் கார் படிப்படியாகக் கீழே அமர்ந்து, அழுந்த இடமின்றித் தடுப்பு ரப்பரில் மோதும்.

திருகி மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர்கள் இந்த இடைவெளியை ஓரளவே நிரப்பும். கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகையில் மாற்ற முடிவது விரியும் திசைத் தணிப்பு. ஸ்பிரிங் சேமித்த ஆற்றல் வெளிவருவது அத்திசையில் என்பதால், விறைப்பு கூடும்போது முதலில் கூட்ட வேண்டியதும் அதுவே.

நீளமும் இயக்கத் தொலைவும்

விறைப்பு சரியாக இருந்தும் நீளம் தவறினால் தேர்வு வீணாகும். மேற்கண்ட காரின் எடையை ஏற்றதும் 41.7 நியூட்டன் ஸ்பிரிங் 77 மி.மீ. அழுந்தும், 74 நியூட்டன் ஸ்பிரிங் 43 மி.மீ. மட்டுமே அழுந்தும். காரை ஜாக்கியில் தூக்கும்போது ஷாக் அப்சார்பர் 60 மி.மீ. நீள்கிறது என்றால், முதல் ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாகவே இருக்கும். இரண்டாவது 17 மி.மீ. தளர்ந்து ஆடும்; இருக்கையை விட்டு விலகவும் கூடும். இதைத் தவிர்க்கவே முதன்மை ஸ்பிரிங்கின் மேல் சிறிய துணை ஸ்பிரிங் ஒன்றைச் சேர்க்கின்றனர்.

காரைத் தாழ்த்தினால், சக்கரம் மேலே செல்ல இருக்கும் தொலைவு அதே அளவு குறையும். பில்ஸ்டைன் நிறுவனம் உயரம் மாறாத காருக்குப் பி6 என்றும், தாழ்த்திய காருக்கு நீளம் குறைத்த பி8 என்றும் இரு வகைகளை விற்பது இதனால்தான்.

முன்னும் பின்னும்

முன் சக்கரம் மேட்டைக் கடந்த சிறிது நேரம் கழித்தே பின் சக்கரம் அதைக் கடக்கிறது. பின்புற அதிர்வெண் சற்றுக் கூடுதலாக இருந்தால், பின்பகுதியின் ஆட்டம் முன்பகுதியை எட்டிப் பிடிக்கும். கார் முன்னும் பின்னுமாகத் தலையாட்டாது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் மாரிஸ் ஓலி வகுத்த விதி இது. பந்தயத் தடத்தில் சிலர் வேண்டுமென்றே இதைத் தலைகீழாக்குவதும் உண்டு.

முன்புறத்தை மட்டும் விறைப்பாக்கினால், வளைவில் முன் டயர்கள் முதலில் நழுவி கார் வெளிப்பக்கம் செல்லும். பின்புறத்தை மட்டும் விறைப்பாக்கினால் பின்பகுதி சுழலும். சாலையில் இதுவே அதிக ஆபத்தானது. ஆகவே இரண்டையும் ஒரே அளவில் மாற்றிவிட்டு, மீதமுள்ள நுண்ணிய திருத்தத்தை ஆன்டி ரோல் பார் மூலம் செய்வது பாதுகாப்பானது.

தேர்வு செய்யும் வரிசை

1. ஓட்டுநரை அமர்த்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடையை அளக்க வேண்டும்.
2. ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் சக்கரத்தை உயர்த்தி, ஷாக் அப்சார்பரின் அசைவுடன் ஒப்பிட்டு இயக்க விகிதத்தைக் கண்டறிய வேண்டும்.
3. காரின் பயன்பாட்டுக்கு ஏற்ப அதிர்வெண்ணை முடிவு செய்து, விறைப்பைக் கணக்கிட வேண்டும்.
4. அந்த விறைப்பு ஷாக் அப்சார்பர் தயாரிப்பாளர் கூறும் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், ஸ்பிரிங்கை எல்லைக்குள் கொண்டுவர வேண்டும் அல்லது ஷாக் அப்சார்பரின் வால்வுகளை மாற்றி அமைக்க வேண்டும்.
5. முழுதும் விரிந்த நிலையிலும் முழுதும் அழுந்திய நிலையிலும் ஸ்பிரிங்கின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

மரையுள்ள ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் இருக்கையை மேலே திருகினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பது பரவலான நம்பிக்கை. சீரான விறைப்புள்ள ஸ்பிரிங்கில் அவ்வாறு நிகழ்வதில்லை. காரின் உயரம் மட்டுமே கூடுகிறது.

ஸ்பிரிங்கின் சுற்றுகளை வெட்டிக் காரைத் தாழ்த்துவது மற்றொரு பழக்கம். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு உயரும். தணிப்பு விகிதம் அதற்கேற்பக் குறையும். வெட்டிய முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாமல், ஓட்டத்தின்போதே ஸ்பிரிங் நழுவும் அபாயமும் உண்டு.