‘வண்டி ஆட்டம் கண்டுடுச்சு’னு விற்கப் போறீங்களா? முதல்ல புஷ்ஷைப் பாருங்க!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. மூன்றாவது கியரைத் தேடினால் ஐந்தாவது மாட்டுகிறது. இருபது வயதைத் தொட்ட கார் நிற்கும் வீடுகளில் இந்தப் புகார்கள் புதிதல்ல. ‘வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்’ என்று முடிவெடுக்கும் முன், காருக்கு அடியில் இருக்கும் சில ரப்பர் துண்டுகளையும் பிளாஸ்டிக் வளையங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல நேரங்களில் வயதானது கார் அல்ல, அவைதான்!

‘ஜோஷ் மெஷின்’ ஞாபகம் இருக்கா?

1999-ன் இறுதியில் அறிமுகமான ஃபோர்டு ஐகான், சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான கார். ‘ஜோஷ் மெஷின்’ என்ற விளம்பரத்தோடு வந்த இந்த செடானின் 1.6 லிட்டர் பெட்ரோல் மாடல் 90 குதிரைத்திறனுக்கு மேல் பவர் தந்தது. அன்றைய குடும்ப கார்களுக்கு நடுவே அது பெரிய விஷயம். அதே காலகட்டத்தில் திருவள்ளூரில் உருவான மிட்சுபிஷி லான்சருக்கும் இப்படி ஒரு ரசிகர் கூட்டம் உண்டு.

இந்த கார்களை ரசிகர்கள் விடாமல் வைத்திருக்க வேகம் மட்டும் காரணமல்ல. வளைவில் திருப்பினால், திருப்பிய இடத்துக்கு மறுபேச்சு பேசாமல் போகும் அந்தக் கட்டுக்கோப்புதான் முக்கியக் காரணம். அதைப் பிடித்து வைத்திருப்பவை சஸ்பென்ஷன் புஷ்கள்.

புஷ் என்ன வேலை செய்கிறது?

சக்கரத்தையும் காரின் உடலையும் இணைக்கும் இரும்புக் கை, லோயர் ஆர்ம். இரும்பை நேரடியாக இரும்போடு பொருத்தினால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் நம் முதுகில் கேட்கும். அதனால் இணைப்பில் ஒரு ரப்பர் உருளையை வைக்கிறார்கள். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். அதுதான் புஷ். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது இந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கு வரும்.

வெயில், இன்ஜின் சூடு, கசியும் ஆயில் எல்லாம் சேர்ந்து ரப்பரை வெடிக்க வைக்கும். அதனால் ‘என் கார் குறைவாகத்தான் ஓடியிருக்கு’ என்பது இதற்குப் பொருந்தாது. ஓடாமல் ஷெட்டில் நின்ற காரிலும் ரப்பருக்கு வயதாகும்.

இது சத்தத்தோடு முடிகிற பிரச்னையும் அல்ல. லோயர் ஆர்ம் புஷ் தளர்ந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து லேசாகப் பின்வாங்கும். அந்த நொடியில் சக்கரத்தின் கோணமே மாறிவிடும். ஊருக்குள் 30 கி.மீ வேகத்தில் இதை உணராமல் போகலாம். குடும்பத்தோடு ஹைவேயில் 80-ல் போகும்போது குறுக்கே ஒரு நாய் வந்தால், வித்தியாசம் தெரிந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* சிறு பள்ளங்களில் ‘டக டக’ என்று சத்தம் வந்தால், முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மீதும் அதன் புஷ் மீதும். ஒப்பிட்டால் செலவு குறைவான வேலை இது.
* பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தாலோ, ‘டொக்’ என்றாலோ, லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கையும் சேர்த்துச் சோதிப்பது அவசியம்.
* அலைன்மென்ட் செய்தும் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்கிறது என்றாலும் புஷ் காரணமாக இருக்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘ஷாக் அப்ஸார்பர் போச்சு’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். காரை லிஃப்ட்டில் ஏற்றி, இரும்புக் கம்பியால் ஆர்மை நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். விரிசலும் ஆட்டமும் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

ரப்பரா, பாலியூரிதேனா?

‘மாற்றுவதே மாற்றுகிறோம், அப்கிரேடாகவே போடலாமே’ என்று தோன்றும். இங்கேதான் பாலியூரிதேன் புஷ் வருகிறது. ரப்பரைவிடக் கடினமானது, ஆயிலுக்கும் எளிதில் அசராது. ஸ்டீயரிங் கூர்மையாகும், வளைவில் கார் சட்டென்று திரும்பும்.

ஆனால், ரப்பர் விழுங்கிய அதிர்வை இது அப்படியே உள்ளே அனுப்பும். பின் சீட்டில் தாத்தா, பாட்டி உட்கார்ந்து வரும் கார் என்றால் யோசியுங்கள். தவிர, பாலியூரிதேன் இரும்போடு ஒட்டியிருக்காது. உள்குழாய் அதற்குள் சுழலும். அதற்கென உள்ள சிலிக்கான் கிரீஸ் போடாவிட்டால் கட்டில் மாதிரி கிறீச்சிடும். பல திசைகளில் அசைய வேண்டிய பின்பக்க இணைப்புகளில் இதைப் போட்டால், சஸ்பென்ஷன் இறுகிப்போகும் வாய்ப்பும் உண்டு.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஸ்டெபிலைசர் பாருக்கு மட்டும் பாலியூரிதேன், மற்ற இடங்களில் தரமான புது ரப்பர். தினசரி ஓட்டும் காருக்கு இது போதும். உண்மையில், வெடித்த ரப்பருக்குப் பதில் புது ரப்பர் போட்டாலே பலருக்கு அது பெரிய அப்கிரேடாகத் தெரியும்.

கியர் கம்பி ஏன் ஆடுகிறது?

கியர் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு தூது உண்டு. ஐகான் போன்ற கார்களில் அது இரும்பு ராடு, வேறு சில கார்களில் கேபிள். இந்த இணைப்புகளின் மூட்டுகளில் சின்னச் சின்ன நைலான் அல்லது பிளாஸ்டிக் புஷ்கள் இருக்கும். அவை தேய்ந்தால் லீவர், குழம்பில் விட்ட கரண்டி மாதிரி சுழலும். ‘கியர்பாக்ஸே போச்சு’ என்று பயப்படும் முன் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கார் சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும்.

* இன்ஜின் ஆஃப். அப்போதும் லீவர் தொளதொளவென்று ஆடினால், புஷ் தேய்ந்திருக்கலாம்.
* இன்ஜின் ஆஃபில் கியர் எளிதாக விழுந்து, கிளட்ச்சை முழுதாக மிதித்தும் ஆன் செய்த பிறகு முரண்டு பிடித்தால், கிளட்ச்சைப் பாருங்கள்.
* ஓட்டும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் ‘கரகர’ என்றால், கியர்பாக்ஸுக்குள் சிங்க்ரோனைசர் தேய்ந்திருக்கலாம். புஷ் மாற்றினால் அது சரியாகாது.
* ராடு உள்ள காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் லீவர் முன்னும் பின்னும் நகர்ந்தால், இன்ஜின் மவுன்டிங் தளர்ந்திருக்கலாம்.

நைலானுக்குப் பதில் பித்தளை புஷ் போடும் பழக்கமும் உண்டு. கியர் ‘கிளிக்’ என்று விழும், கூடவே கொஞ்சம் அதிர்வும் கைக்கு வரும். லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் ‘ஷார்ட் ஷிஃப்டர்’ கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால், தூரம் குறைந்தால் தள்ள வேண்டிய பலம் கூடும். அவசர அவசரமாக மாற்றினால் சிங்க்ரோனைசருக்கும் சுமை. முதலில் புஷ், அடுத்து கியர் ஆயில், அப்புறமும் ஆசை இருந்தால் ஷார்ட் ஷிஃப்டர் என்ற வரிசையில் போங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கவனிக்க வேண்டியவை

* இதுதான் மிக முக்கியம். ரப்பர் புஷ் போட்ட பிறகு, கடைசி முறுக்கு முறுக்கும்போது காரின் எடை சக்கரத்தின் மீது இருக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், காரை இறக்கியதும் புது ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரமே கிழியும்.
* சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் இடத்தில் கொடுங்கள். புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் சேர்ந்த முழு ஆர்மாகக் கிடைத்தால், கூலியையும் கணக்கிட்டால் அதுவே லாபமாக இருக்கலாம்.
* இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். பின்பு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.
* ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், பழைய பாகங்களைத் தேடித்தான் வாங்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். ரப்பரை மட்டும் அப்படி வாங்காதீர்கள். கழற்றிய காரோடு சேர்ந்து அதற்கும் வயதாகியிருக்கும்.

15 வருடம் முடிந்த சொந்த காருக்கு, 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் முதலில் பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும்தான் பணம் போகும். அந்தப் பட்டியலின் தலையில் புஷ்ஷை எழுதுங்கள். பார்ப்பவர் யாருக்கும் தெரியாத செலவுதான். ஆனால் பிரேக்கை மிதிக்கும் கால் அதை உடனே உணரும்.