பண்டிகைக்கு முந்திய மாதம்

தீபாவளி பஞ்சாங்கத்தில் ஒரு நாள். இலங்கை அரசாங்கத்தின் விடுமுறைப் பட்டியலிலும் ஒரே நாள்தான். ஆயினும் சப்பிரகமுவ மாகாணத்து இரப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களோடு பழகியவர்கள், அந்தப் பண்டிகை புரட்டாசியிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும், விடிந்தால் எண்ணெய் முழுக்கு என்ற நிலை வரும்போது அதன் சந்தோஷத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே அனுபவிக்கப்பட்டு விடுகிறது என்பதையும் அறிவார்கள். பிரயாணம், பலகாரம், பந்துக்களின் வருகை ஆகிய மூன்றும் சேர்ந்த அந்த ஒரு மாதமே உண்மையான பண்டிகை. தீபாவளி நாள் அதன் முடிவுரை.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரி மாவட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படும் பெரிய பட்டணம் எஹலியகொட. ஒரு பக்கம் இரப்பர் மரங்களும், மறுபக்கம் தாழ்நிலத் தேயிலையும், இடையிடையே வயல்களும் இரத்தினக்கல் தோண்டும் குழிகளும் சிங்களக் கிராமங்களும் விரவிக் கிடக்கும் பிரதேசம் இது. நுவரெலியா, ஹற்றன் பக்கங்களைப் போல மலைக்கு மலை தோட்டமாகவே தொடர்ந்து செல்லாமல், தமிழர் வாழும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் இங்கே கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகச் சிதறியிருக்கின்றன. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெறும் இப்பகுதியில், தென்மேல் பருவமழை ஓய்ந்து வடகீழ் மழை தொடங்குவதற்கு இடைப்பட்ட ஐப்பசிக் காலம், காலையில் வெயிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய பெருமழையுமாகக் கழியும். இரப்பர் மரத்தில் பால் நன்றாகச் சுரப்பது விடியற்காலையில். இரவில் பெய்த மழையால் பட்டை நனைந்திருந்தால் அன்று பால் வெட்ட முடியாது. ஆகவே செலவு கூடும் மாதத்தில்தான் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு முழுப் பேர் (முழு நாட்சம்பளம்) விழுமா, அரைப் பேரோடு நின்றுவிடுமா என்று கவலைப்படவும் வேண்டியிருக்கிறது.

இந்தக் கவலைக்கு நடுவேதான் வருகைகள் தொடங்குகின்றன. தோட்டத்து இளைஞர்களில் பலர் இன்று கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். பெண்கள் சிலர் அவிசாவளை சீதாவாக்கைக் கைத்தொழில் பேட்டைக்குப் போகிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணி செய்கிறார்கள். நவராத்திரி பூசைக்கென்று ஒரு சனிக்கிழமை வந்து போகும் மகன், அடுத்த வாரம் புறக்கோட்டையில் வாங்கிய துணி மூட்டையோடு மறுபடி வருவான். மூன்றாவது வாரம் ஆத்தாவையும் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு எஹலியகொடைக்கோ இரத்தினபுரிக்கோ கடை பார்க்கப் போவான். ஒருகாலத்தில் இந்தப் போக்குவரத்துக்கு ரயில் இருந்தது. களனிவெளிக் குறும்பாதை 1912இல் எஹலியகொட வழியாக இரத்தினபுரியை எட்டியது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி கைவிடப்பட்டது. தாத்தாமார் மூட்டை முடிச்சுகளோடு ஏறி இறங்கிய ரயிலின் இடத்தை இன்று 122ஆம் இலக்க பஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதற்கு இடம் கிடைத்தாலே பாக்கியம்.

ஆனால் அவிசாவளைப் பாதையால் மட்டும் வந்து சேர்ந்துவிடக்கூடிய குடும்பங்கள் அல்ல இவை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரின் தலைவிதியைப் பங்கிட முற்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கெழுதியது; எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. அந்தக் கணக்கின்படி அண்ணன் குடும்பம் நீலகிரிக்குப் போய்க் கூடலூர், கோத்தகிரித் தேயிலைக்குள் குடியேற, தம்பி குடும்பம் எஹலியகொட லயத்திலேயே தங்கிவிட்ட வரலாறு பல வீடுகளில் உண்டு. பின்னர் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் தமிழர் விரோத வன்செயல்களில் சப்பிரகமுவத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, தப்பியவர்களில் பலர் வவுனியாவுக்கும் அதற்கு வடக்கேயும் சென்று, காடு வெட்டி நிலம் திருத்தி அங்கேயே நிலைத்தார்கள். ஆகவே ஐப்பசியில் ஒரு வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து யார் யார் வருவார்கள் என்று கணக்குப் பார்க்கும் அப்பாயிக்கு, வவுனியாவில் ஒரு மகள், கொழும்பில் ஒரு பேரன், கோத்தகிரியில் ஒரு கொழுந்தன், குவைத்தில் ஒரு மருமகள் என்று பூகோளப் படமே மனப்பாடமாகியிருக்கும்.

கடல் கடந்த பிரயாணம் இவர்களுக்குப் புதியதன்று. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கிய பிறகு, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சொந்தக் கிராமங்களுக்குப் போய்வருவது, காசும் தோட்டத் துரையின் அனுமதியும் இருந்தவர்களுக்குக் கைகூடக்கூடிய காரியமாகவே இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்ட சேவையும் 1980களின் யுத்தத்தில் நின்றுபோயிற்று. 2023 ஒக்டோபரில், அவ்வாண்டுத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னர், நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விடப்பட்டபோது, பத்திரிகைகள் அதை வணிகச் செய்தியாகவும் சுற்றுலாச் செய்தியாகவும் எழுதின. தோட்டங்களில் அதைக் கேட்டவர்களுக்கோ அது கோத்தகிரிச் சொந்தங்களைப் பற்றிய செய்தி. டிக்கட் வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது என்பது வேறு கேள்வி. இப்போதைக்கு அந்த உறவை வாட்ஸ்அப் வீடியோவே காப்பாற்றி வருகிறது.

வந்தவர்களை வரவேற்பது அடுப்பு. அன்றாடம் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியுமாகக் கழியும் சமையலறை, இந்த மாதத்தில் முற்றிலும் வேறு முகம் காட்டும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மரக்கறி விரதம், நவராத்திரியில் அவலும் கடலையும், அது கழிந்ததும் பலகார வேலை என்று ஒரு கிரமம் உண்டு. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலித்து, பதமாகக் காய்ச்சிய வெல்லப் பாகில் கலந்து, ஓரிரு நாள் புளிக்க வைத்த பின்னரே சுட வேண்டும். பாகு ஒரு பதம் தப்பினால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து கரைந்துவிடும். இந்த அறிவு புத்தகத்தில் இல்லை, அம்மாயியின் விரல் நுனியில் இருக்கிறது. அவர் வவுனியாவிலிருந்து வந்து சேரும் வரையில் பாகு காய்ச்சாமல் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. முறுக்குக்கோ மழைதான் பகை: ஐப்பசியின் ஈரக் காற்றில் சுட்ட முறுக்கு மறுநாளே நமுத்துப் போகும். ஆகவே பழைய பிஸ்கட் டின்களைத் தேடிப்பிடித்து இறுக மூடிவைப்பதும், திறந்து ருசி பார்க்கும் பிள்ளைகளைக் கண்டிப்பதும் அந்த மாதத்தின் தவிர்க்க முடியாத சடங்குகள்.

ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயத்துக் காம்பராவில் இரண்டு, மூன்று குடும்பங்கள் தங்க நேரும்போது, சமையல் ஒரு வீட்டிலும் படுக்கை அடுத்த வீட்டிலும் என்றாகிறது. வெள்ளைக்காரர் காலத்து நெருக்கடியான கட்டடம் சௌகரியத்துக்கு விரோதமானது. அதைப் புகழ்ந்து எழுதுவது அநியாயம். அந்த அசௌகரியத்தைச் சகித்துக்கொள்ளும் மனிதர்களின் தாராள குணத்தைத்தான் புகழ வேண்டும். அந்தத் தாராளம் லயத்தின் எல்லையோடு நிற்பதுமில்லை. சித்திரைப் புத்தாண்டில் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வீட்டிலிருந்து கவும், கொக்கிஸ் வந்த தட்டு, ஐப்பசியில் அதிரசமும் முறுக்குமாகத் திரும்பிப் போகும். அரிசி மாவும் கித்துள் பாணியும் சேர்ந்த கவுமும், அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த அதிரசமும் ஒரே குலத்துப் பண்டங்கள் என்பது இரு வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். வன்செயல்களைக் கண்ட மண்ணில் அந்தத் தட்டு நின்றுபோகாதிருப்பது சாமானியமான காரியமன்று.

இனி, இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்ட நிர்வாகம் கொடுக்கும் தீபாவளி முற்பணமே பெரும்பாலான வீடுகளுக்கு மூலதனம். அது வெகுமதியன்று, பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் தவணை தவணையாகக் கழிக்கப்படும் கடன். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, அந்தத் தவணை எவ்வளவு பாரமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. தைக்குப் பின் இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் காலத்திலும் தவணை குறைவதில்லை. தோட்டத்துக்குத் தமிழரைக் கொண்டுவந்ததே ஆள் சேர்க்கும் கங்காணி அந்நாளில் கொடுத்த முற்பணந்தான். கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய வழக்கம் 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு போயிற்று, ஆனால் நாளைய உழைப்பை அடகு வைத்து இன்றைய தேவையைத் தீர்க்கும் முறை முழுதும் போய்விடவில்லை.

இதைக் கண்டு, கடன் வாங்கிக் கொண்டாட வேண்டுமா என்று உபதேசம் செய்வது சுலபம். ஒப்பந்தங்களாலும் கலகங்களாலும் வறுமையாலும் நாலா திசையிலும் பிரிக்கப்பட்ட ஒரு குடும்பம், ஆண்டில் ஒரு தடவை ஒன்றாக உட்கார்ந்து உண்பதற்குக் கொடுக்கும் விலை அது என்பதை அந்த உபதேசம் கவனிப்பதில்லை. பிரிவு அவர்கள் தேடிக்கொண்டதன்று. சேர்ந்திருப்பதற்கான செலவு மாத்திரம் அவர்கள் தலையில் விழுகிறது. ஆகவே தோட்ட நிர்வாகங்களும் அரசாங்கமும் தொழிற்சங்கங்களும் ஒவ்வோர் ஆண்டும் முற்பணத் தொகை எவ்வளவு என்று வாதிடுவதோடு நின்றுவிடாமல், அதில் ஒரு பங்கையேனும் திருப்பிக் கேளாத கொடையாக மாற்றுவதையும், வடக்கிலிருந்து வருபவர்கள் மறுநாளே மூட்டை கட்ட நேராதபடி விடுமுறையைக் கூட்டுவதையும் பற்றி யோசிப்பது நியாயம். ஒரு மாதமாக மக்கள் தாமே நடத்தும் இந்தப் பண்டிகைக்கு மற்றவர்கள் செய்யக்கூடிய உதவி, அதன் கடன் பாரத்தைச் சற்றுக் குறைப்பதுதான்.