காங் யாட்சே-2 மலையேற்றம்: உடல் வலிமை மட்டும் போதுமா?

லடாக்கின் காங் யாட்சே-2 சிகரத்தில் ஏறுவதற்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே ஏற்றவை. 6,200 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள இச்சிகரத்துக்கு, வழிகாட்டிகளின் துணையுடன் முதன்முறையாக மலையேறுவோரும் செல்கின்றனர். ஸ்டோக் காங்ரி சிகரம் 2020-ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர், பலரின் கவனம் இதன் பக்கம் திரும்பியது. இதில் ஏற இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அனுமதி தேவை.

உயரத்தில் நிகழ்வது என்ன?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. இதை ஈடுசெய்ய உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. நாளடைவில் ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. இம்மாற்றங்களுக்கு நாள்கள் தேவை. நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடுபவரையும் உயர்மலை நோய் தாக்கலாம். அவரது உடல் வலிமை அதற்குக் காப்பாகாது.

எவ்வளவு வேகம் பாதுகாப்பானது?

3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும். 3 அல்லது 4 நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. தில்லியிலிருந்து விமானத்தில் புறப்படுபவர், இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் இறங்கிவிடுகிறார். எனவே அங்கு குறைந்தது இரண்டு நாள்கள் ஓய்வெடுத்த பின்னரே மார்கா பள்ளத்தாக்கு வழியாகச் சுமார் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமுக்குச் செல்ல வேண்டும். நாள்களைக் குறைத்துக் கட்டணத்தையும் குறைக்கும் பயணத் திட்டங்களில், பெரும்பாலும் இந்த ஓய்வு நாள்களே வெட்டப்படுகின்றன.

அபாய அறிகுறிகள்

தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை தென்பட்டால் மேலே ஏறக் கூடாது. அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நடை தள்ளாடி, பேச்சில் குழப்பம் தோன்றினால் மூளையில் வீக்கம் ஏற்பட்டிருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்குவதே முதன்மைச் சிகிச்சை. அசிட்டசோலமைடு மாத்திரை உடல் உயரத்துக்குப் பழக உதவும் என்றாலும், அதை மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளக் கூடாது.

முன்னேற்பாடுகள்

பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே, முதுகில் சுமையுடன் படியேறிப் பழகுவது பயன் தரும். பனிக்கோடரி, காலணியில் பூட்டும் கிராம்பான் முட்கள், பாதுகாப்புக் கயிறு ஆகியவற்றைக் கையாளும் முறையை அடிவார முகாமிலாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

முன்பணம் செலுத்தும் முன், ஆக்சிஜன் உருளை உடன் வருமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஒருவர் நோயுற்றால் அவரை இறக்கிச் செல்பவர் யார் எனக் கேட்டறிவது அவசியம். கைபேசித் தொடர்பை நம்பியிருக்க முடியாத இப்பாதையில், கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது.

சிகரத்துக்கான இறுதி ஏற்றம் பெரும்பாலும் நள்ளிரவையொட்டித் தொடங்கும். வெயிலில் பனி இளகும் முன் இறங்கியாக வேண்டும் என்பதால், திரும்பும் நேரம் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. அந்த நேரம் வந்துவிட்டால், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.