பல் வைத்தியத்தில் இயந்திரக் கைகள்: பறிபோவது யாருடைய தொழில்?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியால் மாலை வேளையில் பயணம் செய்பவர்களின் கண்ணில் பல் சிகிச்சை நிலையங்களின் பெயர்ப் பலகைகள் படாமற் போவதில்லை. உள்ளே கதிரையில் சாய்ந்திருக்கும் நோயாளியையும் வெளியே வாங்கில் காத்திருப்போரையும் மாத்திரமே நாம் காண்கின்றோம். அந்தக் கதிரையைச் சுற்றி எத்தனை பேரின் சீவனோபாயம் தங்கியிருக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. பல் வைத்தியர், அவருக்கு உதவியாக நிற்கும் யுவதி, எங்கோ ஒரு பின்னறையில் மெழுகிலும் அக்ரிலிக்கிலும் கட்டுப்பல் செய்யும் தொழில்நுட்பவியலாளர், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் பிள்ளைகளின் வாயைப் பரிசோதிக்கும் பற்சிகிச்சையாளர் என்று அது ஒரு சிறு குடும்பம். ரோபோக்கள் வந்தால் இவர்களின் கதி என்னவாகும் என்ற கேள்வி, பிள்ளையை உயர்தரத்தில் உயிரியல் பிரிவிற் படிக்க வைத்துவிட்டு இஸட் புள்ளிக்காகக் காத்திருக்கும் பெற்றோர் மத்தியிலும் எழத் தொடங்கியிருக்கின்றது. கேள்வி நியாயமானதே. ஆனால், அச்சம் தவறான திசையை நோக்கி இருக்கின்றது என்பதே எமது அபிப்பிராயமாகும்.

முதலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சீனாவின் சியான் நகரில், ஒரு பெண்ணின் தாடையெலும்பில் இரண்டு செயற்கைப் பற்களை ரோபோ ஒன்று பொருத்தியது. வைத்தியர்கள் அருகில் நின்றனர். எனினும் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கையில் அவர்கள் கைவைக்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் முடிந்த அந்த வேலையில் ஏற்பட்ட பிசகு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் இரண்டு முதல் மூன்று பங்கு வரையானதே என்று கூறப்பட்டது. அமெரிக்காவில் யோமி என்னும் கருவிக்கு 2016ஆம் ஆண்டின் இறுதியிலேயே அரசாங்க அனுமதி கிடைத்துவிட்டது. இது வைத்தியரின் கையிலுள்ள துளைகருவியைத் தானும் பிடித்துக்கொண்டு, திட்டமிட்ட கோணத்திலிருந்து விலக விடாமற் கட்டுப்படுத்துவது. துளையிடுபவர் இன்னமும் வைத்தியர்தாம். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் பொஸ்டன் நகரைச் சேர்ந்த பர்செப்டிவ் என்னும் நிறுவனம் ஒரு படி மேலே சென்று, உறை போடுவதற்காகப் பல்லைச் செதுக்கும் வேலையை மனிதக் கை படாமல் ரோபோவே செய்து முடித்ததாக அறிவித்தது. பதினைந்து நிமிடங்களில் முடிக்கலாம் என்பது நிறுவனம் தானே சொல்லும் கணக்கு. வியாபாரி தன் சரக்கைப் பற்றிச் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்பதை எமது வாசகர்கள் அறிவார்கள்.

சீனாவில் அந்த ரோபோ உருவாக்கப்பட்டமைக்கு, தேர்ச்சி பெற்ற பல் வைத்தியர்கள் போதாமையே காரணமாகச் சொல்லப்பட்டது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். இருப்பவரை வெளியேற்றுவதற்காக அன்றி, இல்லாதவரின் இடத்தை நிரப்புவதற்காகவே அது செய்யப்பட்டது.

இத்தகைய எதிர்வுகூறல்கள் எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பிரே, ஒஸ்போர்ன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 702 தொழில்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் கணினிமயமாகும் சாத்தியம் எவ்வளவு எனக் கணித்தனர். பல் வைத்தியருக்கு அவர்கள் கொடுத்தது நூற்றுக்கு அரை வீதத்திலும் குறைவு. ஆனால் பல் சுத்திகரிப்பாளருக்கு 68 வீதம், பல் வைத்திய உதவியாளருக்கு 51 வீதம். அதாவது கதிரையருகே நிற்கும் சிறிய உத்தியோகங்களே முதலிற் போகும் என்பது அவர்களின் முடிவு. பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதே அமெரிக்காவில், கொவிட் பெருந்தொற்றுக்குப் பின்னர், சுத்திகரிப்பாளர்களும் உதவியாளர்களும் கிடைக்கவில்லை என்றே பல் வைத்தியர்கள் முறையிட்டு வந்திருக்கின்றனர். பயந்து அசையும் நாக்கு, ஊறிக்கொண்டே இருக்கும் உமிழ்நீர், வலித்தவுடன் திரும்பும் தலை, அழும் குழந்தை ஆகியவற்றின் நடுவே வேலை செய்வது இயந்திரத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கணக்கு உணரவில்லை போலும்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கின்றது? நோயாளியின் கண்ணிற் படாத அந்தப் பின்னறையிற்றான் இருக்கின்றது.

ஒரு பல்லுறை செய்யப்படும் பழைய முறையை எண்ணிப் பாருங்கள். வைத்தியர் பசை போன்றதொரு பொருளை வாயில் வைத்து அச்சு எடுப்பார். தொழில்நுட்பவியலாளர் அதனுள் சாந்து வார்த்து மாதிரி செய்வார். அதன்மேல் மெழுகினாற் பல்லை வடிப்பார். மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்ப்பார். அதன்மேல் பீங்கான் மாவைப் படை படையாகப் பூசிச் சூளையிற் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒப்பாக நிறம் பார்ப்பார். பல ஆண்டு அனுபவம் வேண்டும் கைவினை இது. ஒரு பொற்கொல்லரின் பட்டறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது பேனையிலும் சற்றுப் பருத்த ஒரு கமராவை வைத்தியர் வாய்க்குள் நகர்த்துகின்றார். சில நிமிடங்களிற் பற்களின் முப்பரிமாண உருவம் திரையில் வந்துவிடுகின்றது. கணினியில் உறையை வரைகின்றார்கள். சேர்கோனியா எனப்படும் வெண்ணிறக் கட்டியிலிருந்து இயந்திரம் அதனைக் கடைந்தெடுக்கின்றது. இது நேற்று வந்த புதுமையுமன்று. சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மன், பிரண்டெஸ்டினி ஆகிய இருவர் உருவாக்கிய செரெக் என்னும் பொறியினால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது 1985ஆம் ஆண்டிலாகும். நாற்பது வருடங்களாக ஓசையின்றி வளர்ந்து, இன்று கட்டுப்பல்லைக்கூட முப்பரிமாண அச்சியந்திரத்தில் வார்க்கும் நிலைக்கு இது வந்திருக்கின்றது. மேலை நாடுகளிற் சிறிய பல் ஆய்வுகூடங்கள் பெரியவற்றுள் கலந்து மறைந்து வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மருதமுனை வாசகர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட ஊர் அது. சாரமும் சேலையும் நெய்து நாடு முழுவதற்கும் அனுப்பிய நெசவாளர்களின் கையை 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரம் எவ்வாறு கட்டிப்போட்டது என்பதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்த நெசவாளரைத் தோற்கடித்த விசைத்தறி மருதமுனையில் நின்று ஓடவில்லை. அது வேறெங்கோ ஓடியது. அதன் துணி மாத்திரம் கப்பலில் வந்து இறங்கியது. சம்மாந்துறை வயல்களில் வேளாண்மை வெட்டும் இயந்திரத்தையாவது வெட்டுக் கூலிக்குச் சென்றவர் கண்ணாற் கண்டார். அதனை ஓட்டவும் திருத்தவும் ஊரிலே சில இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. தறிக்கு அதுவும் இல்லை.

பல் தொழில்நுட்பவியலாளருக்கு நேரவிருப்பது வயலின் கதையன்று, தறியின் கதை. வாயின் உருவம் ஒரு கணினிக் கோப்பாக மாறிவிட்ட பின்னர், அதனைக் கொழும்புக்கும் அனுப்பலாம், சென்னைக்கும் அனுப்பலாம், சீனாவுக்கும் அனுப்பலாம். கடைந்தெடுத்த உறை கூரியர் பொதியில் வந்து சேரும். சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ எவரும் ஒரு ரோபோவைக் காணமாட்டார்கள். பின்னறையில் வேலை குறைந்துகொண்டு போவது மாத்திரமே நடக்கும். ஏன் குறைகின்றது என்பதும் அங்கிருப்பவருக்கு விளங்காது.

இதிலிருந்து தப்ப வழியே இல்லையா என்றால், உண்டு. கணினியிற் பல்லை வரைபவருக்கும் பல்லின் அமைப்பும் கடிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். மெழுகில் வடித்துப் பழகிய கை, திரையில் வரைவதற்கும் மற்றவரைவிட விரைவிற் பழகும். ஆகவே இத்தொழிலுக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர், குறித்த பயிற்சிநெறியிற் கணினி வடிவமைப்புக் கற்பிக்கப்படுகின்றதா என்ற ஒரேயொரு கேள்வியைக் கேட்டுவிட்டே கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இத்தொழிலில் ஏற்கனவே இருப்பவர்கள் தனித்தனியே இயந்திரம் வாங்குவது இயலாத காரியம். பலர் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாம். ஒலுவிலில் எமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் இருக்கின்றன. கடைசல் இயந்திரமும் முப்பரிமாண அச்சும் அங்குள்ள மாணவர்களுக்குப் புதிய சங்கதிகள் அல்ல. வைத்தியசாலைகளையும் அப்பீடங்களையும் ஒரே மேசையில் அமர வைக்கும் முயற்சியை எமது அரசியற் பிரமுகர்களில் எவராவது எடுப்பின் நாம் மகிழ்வோம்.

இனி, இயந்திரம் உதவக்கூடிய இடத்தைப் பார்ப்போம். எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்துப் பற்சிதைவையும் எலும்புத் தேய்வையும் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்களுக்கு அமெரிக்காவில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் அனுமதி கிடைத்தது. எமது கரையோரத்தின் பிரதான கவலையோ வேறு. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். வெற்றிலை வட்டா இல்லாமற் கலியாணம் இல்லை என்றிருந்த பிரதேசம் இது. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட முடிவு வட்டாவைச் சென்றடைந்ததாகத் தெரியவில்லை. வெற்றிலைக் கறை படிந்த வாயில், ஆபத்தான வெண்தழும்பு எது, வெறும் கறை எது என்று பிரித்தறிய, அத்தகைய வாய்களின் படங்களே மென்பொருளுக்கு வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வாறான வாய்ப் படங்களின் தொகுதியொன்றை அண்மைய ஆண்டுகளில் உருவாக்கி வெளியிட்டிருப்பது இந்த வகையில் மிகுந்த பயனுடைய பணியாகும்.

எனினும் இதற்கு மென்பொருள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கி நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றில், வைத்தியர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தனர். அவ்வளவுதான். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005ஆம் ஆண்டு அதன் முடிவுகள் வெளியாயின. இலங்கையிலும் ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டு இதே பரிசோதனை 1980களில் செய்து பார்க்கப்பட்டு, அவர்களால் இயலும் என்று காட்டப்பட்டது. அத்தகைய ஊழியர் ஒருவரின் கையில் படமெடுத்து அனுப்பும் கைத்தொலைபேசியும் இருக்குமானால், கருவி அவரின் வேலையைப் பறிக்காது. வேலையின் பெறுமதியைக் கூட்டும்.

பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் கதையும் இதுவே. 1921ஆம் ஆண்டு நியூசிலாந்து தொடங்கிய பாடசாலைப் பற்தாதியர் முறையைப் பின்பற்றி, 1950களில் இலங்கையிலும் பயிற்சி ஆரம்பமானது. மஹரகமவிற் பயின்று வெளியேறியவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். ஆறு வயதுப் பிள்ளையைச் சமாதானப்படுத்திக் கதிரையில் இருத்துவது பாதி வைத்தியம். தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுப் பிள்ளைகளிற் பத்துக்கு ஆறு பேர் பற்சிதைவு உள்ளவர்கள் என்ற நிலையில், இந்த உத்தியோகத்துக்கு வேலை இல்லாமற் போகும் நாள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

விலையுயர்ந்த இயந்திரங்களைப் பற்றி மற்றுமொன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதையும், டொலர் இல்லாமல் வைத்தியசாலைகளில் மருந்துப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு நிலவியதையும் நாம் மறந்துவிடவில்லை. ரோபோவின் ஒரு சிறு பாகம் பழுதானாலும் அதனை டொலர் கொடுத்தே தருவிக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் பல் பிடுங்குவதும் நிரப்புவதும் இலவசமாகவே கிடைக்கின்றன. ரோபோ வேலை செய்யும் உறையும் நடும் பல்லும் பெரும்பாலும் தனியாரிடம் பணம் செலுத்திப் பெறுபவை. ஆதலால் பொத்துவிலிலுள்ள ஓர் ஏழைத் தாயின் பல்வலிக்கும் பொஸ்டன் ரோபோவுக்கும் இப்போதைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பல் வைத்தியத் துறைக்குத் தெரிவாகும் பிள்ளையைப் பெற்றோர் தயக்கமின்றி அனுப்பலாம். கல்முனைப் பிராந்திய சுகாதார நிர்வாகத்திடம் நாம் வேண்டுவது ஒன்றே: பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஒருவர் ஓய்வு பெறுகையில், அவருடைய இடத்துக்கு அடுத்தவர் எப்போது வருவார் என்பதை அப்பாடசாலையின் அதிபருக்கும் பெற்றோருக்கும் எழுத்தில் அறியத் தர வேண்டும்.