66 அடியிலேயே ஓர் எச்சரிக்கை



வைகை அணைக்கு வந்திருக்கிற உங்களில் பலர் பூங்காவையும் மதகுகளையும் பார்த்திருப்பீர்கள். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. ஆனால் 71 அடி வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை கொடுத்து, உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். இன்னும் இரண்டடி காலியாக இருக்கும்போதே! வருகிற வெள்ளத்துக்கு இடம் வேண்டுமே. கஷ்டகாலத்தில் மனோதிடத்தோடு நிற்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் இப்போது இந்த அணையைத்தான் காட்டுகிறோம்.

முன்பெல்லாம் "அழாதீர்கள், தைரியமாயிருங்கள்" என்றுதான் சொல்லிவந்தோம். எங்களைத் திருத்தியவர் ஒரு தாயார். கணவர் சிறுநீரகக் கோளாறால் எங்கள் வார்டில் இருந்தார். இவர் விடியுமுன் ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் கட்டிலருகே வந்து உட்காருவார். எப்போது கேட்டாலும், "ஒண்ணுமில்லைங்கய்யா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நாங்களும் நம்பினோம். அவருடைய பொறுமையை ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகக்கூடச் சொன்னோம். ஒரு நாள் தூக்குவாளி மூடி திறக்க வரவில்லை. அதைத் தரையில் வீசிவிட்டுக் கதறினார். பத்து நாளாக அவர் தூங்கவில்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லித்தான் அறிந்தோம். 66-உம் 68.5-உம் எங்கள் கண்முன்னே கடந்து போயிருந்தன.

அறிகுறிகள் சிறியவைதான். தூக்கம் கெடும், சாப்பாடு ருசிக்காது, பிள்ளைகள்மேல் காரணமின்றி எரிச்சல் வரும், ஆராதனைக்கும் விசேஷ வீடுகளுக்கும் போக மனம் வராது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை விசுவாசக் குறைவு என்கிறவர்கள் எலியாவை நினைத்துப் பார்க்கட்டும். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்தவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கமும், சுட்ட அடையும், தண்ணீரும்.

மதகைத் திறப்பது என்பது மனம்விட்டுப் பேசுவது. அதற்குக் கேட்கிறவர் ஒருவர் வேண்டும். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் தொண்டர்கள் செய்யும் முக்கிய வேலையே, புத்திமதி சொல்லாமல் கேட்பதுதான். பிரசங்கபீடத்தில் பழகிய எங்களுக்கு அது மிகக் கடினமான பாடம். பேச ஆளில்லாதவர்கள், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

எங்கள் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்களிடம் இன்னொன்றையும் வற்புறுத்துகிறோம். பூச்சிமருந்தை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். சாகவேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கையில் கிடைக்காததே ஓர் உயிரைக் காப்பாற்றும்.

அந்தத் தாயார் இன்றும் கணவரை டயாலிசிஸுக்கு அழைத்து வருகிறார். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கும்மா கண்ணசந்தீங்க?" என்று கேட்கிறோம். போன வாரம், "மூணு மணி ஆயிருச்சுங்கய்யா" என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தோம்.