நீளம் மாறாத நார்

பென்சிலின் கூரில் இருக்கும் கரியும், விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கியின் எலும்புக்கூடும் ஒரே தனிமத்தின் பிள்ளைகள் என்றால் நம்ப முடிகிறதா? எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை.

தண்டவாளங்களுக்கு இடையே ஏன் இடைவெளி விட்டார்கள் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். சூடு பட்டால் உலோகம் நீளும். ஒரு மீட்டர் அலுமினியக் கம்பி ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது ஓர் அற்ப அளவு என்றுதானே தோன்றுகிறது?

1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கிக்கு அது அற்பமன்று. அதன் 2.4 மீட்டர் பெரிய ஆடி, விண்மீன் ஒளியைத் திரட்டி, ஏறத்தாழ 5 மீட்டர் முன்னால் இருக்கும் சிறிய ஆடிக்கு அனுப்புகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு, மூன்று மைக்ரான் மாறினாலும் படத்தின் தெளிவு கெடும். ஹபிளோ சுமார் 95 நிமிடத்தில் பூமியை ஒரு முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் வெயிலிலும் நிழலிலும் மாறிமாறிப் போகிறது. ஆடிகளைத் தாங்கும் சட்டம் அலுமினியமாக இருந்தால், ஒரே ஒரு டிகிரி மாற்றத்துக்கு நூறு மைக்ரானுக்கு மேல் நீண்டுவிடும்!

ஆகவே அச்சட்டத்தைக் கார்பன் இழைகளை எப்பாக்ஸிப் பிசினில் பதித்துச் செய்தார்கள். சூடேறினால் கார்பன் இழை தன் நீளவாட்டில் மிகச் சிறிதளவு சுருங்கும், பிசினோ விரியும். இழைகளைத் தக்க திசைகளில் அடுக்கடுக்காகப் படியவைத்தால், கயிறு இழுக்கும் போட்டியில் சம பலமுள்ள இரு அணிகளைப்போல, ஒன்றை மற்றொன்று நகரவிடாது. சட்டம் ஏறக்குறைய இருந்தபடியே இருக்கும். அலுமினியத்தைவிட எடையும் குறைவு.

இழை எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும், ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் இனத்தைச் சேர்ந்த இழையிலிருந்துதான். அதை முதலில் காற்றில் சூடாக்கி, பிறகு ஆக்ஸிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் வாட்டுவார்கள். எரிய வழியில்லாமல் கார்பன் மட்டும் மிஞ்சும். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான்.

குறையும் உண்டு. மழைக்காலத்து அப்பளம்போல, பிசின் பூமியில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெற்றிடத்தில் அந்த ஈரம் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, சட்டமும் சுருங்கும். ஹபிளில் இதை ஈடுகட்டச் சிறிய ஆடியைத் தரையிலிருந்தே அவ்வப்போது நகர்த்த வேண்டியிருந்தது. (ஹபிளின் முதல் படங்கள் மங்கியதற்குக் காரணம் வேறு, பெரிய ஆடியைத் தவறான வடிவத்தில் தேய்த்துவிட்டார்கள். 1993-இல் விண்வெளி வீரர்கள் சென்று அதைச் சரிசெய்தனர். சட்டத்தின்மேல் பழியில்லை!)

ஆடியையே இந்தப் பொருளால் செய்யலாகாதா? செய்திருக்கிறார்கள். 2009-இல் ஐரோப்பியர் ஏவிய பிளாங்க் தொலைநோக்கியின் ஆடிகள் கார்பன் இழையால் ஆனவை. மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு. அது பார்த்தது நுண்ணலைகளை. அவற்றின் அலைநீளம் அதிகமாதலால் சிறு மேடுபள்ளம் பாதிக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அப்படியன்று. பிசின் இறுகும்போது சுருங்குவதால், பாயில் படுத்து எழுந்தவர் கன்னத்தில் கோரைத் தடம் தெரிவதுபோல, இழைகளின் தடம் பரப்பில் தெரிந்துவிடும்.

2021-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருநாளன்று புறப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 ஆடித் துண்டுகளும் பெரிலியம் என்னும் உலோகத்தால் ஆனவை. ஆனால் அவற்றை முதுகில் சுமக்கும் சட்டம் கார்பன் இழைதான். பூச்சியத்துக்குக் கீழ் 200 டிகிரிக்கும் அப்பாற்பட்ட குளிரில், 32 நானோமீட்டருக்கு மேல் அது அசையாதபடி வடிவமைத்தார்கள். ஒரு மைக்ரானுக்கு 1000 நானோமீட்டர்! படங்களில் பொன்பூச்சு மின்னும் ஆடிகளே நம் கண்ணில் படுகின்றன. அந்தக் கருஞ்சட்டத்தைப் பார்க்க வேண்டுமானால், பின்புறத்திலிருந்து எடுத்த படத்தைத் தேட வேண்டும்.