எழுத்தின் மூன்றாம் வடிவம்: கேமரன் மலை மடல்களும் தமிழ்க் குறியேற்றச் சிக்கலும்



தமிழ் இலக்கண மரபு எழுத்தை ஒலி வடிவம், வரி வடிவம் என இரு நிலைகளில் வைத்து நோக்குகிறது. செவிக்குப் புலனாவது முன்னது. கண்ணுக்குப் புலனாவது பின்னது. கணினி வந்தபின் எழுத்துக்கு மூன்றாவதாக ஒரு வடிவம் வாய்த்தது. அதனை எண் வடிவம் எனலாம். கணினி எழுத்தை ஒலியாகவோ கோடாகவோ அறிவதில்லை, எண்ணாகவே அறிகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று விதிப்பதே குறியேற்றம். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே விதியைக் கொண்டிருந்தால் மடல் மடலாகவே சென்று சேரும். விதி மாறுபட்டால் நேர்வது என்ன என்பதையும், அதனால் நாம் இழந்தது என்ன என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

1. மலையிலிருந்து வந்த மடல்கள்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்கு அப்பெயர், 1885இல் அங்கே நில அளவை செய்த வில்லியம் கேமரனால் வந்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காடழித்துத் தேயிலை நட்டவரும் கொழுந்து பறித்தவரும் பெரும்பாலும் தமிழர். அவர்களோடு கங்காணி, கிராணி, பெரட்டு, கவ்வாத்து, ஆயக்கொட்டகை போன்ற சொற்களும் அம்மலையில் குடியேறின. பிற்காலத்தில் தோட்டப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கொழுந்து பறிக்க வங்காளதேசத்தினரும் நேப்பாளியரும் வந்தனர். தொழில் கைமாறும்போது தொழிற்சொற்களும் மறையும் என்பதை மொழியியலார் நன்கு அறிவர்.

எனவே 2000ஆம் ஆண்டையொட்டி, அச்சொற்களைத் திரட்டும் பணியில் நாம் ஈடுபட்டோம். தானா ராத்தாவை அடுத்த தோட்டப்புறத்தில் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் மாலை வேளைகளில் லயங்களுக்குச் சென்று, முதியோர் கூறியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். வார இறுதியில் தட்டச்சிட்டு நமக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். சில மடல்கள் செம்மையாக வந்தன. சில, பொருளற்ற ரோமன் எழுத்துகளும் நாணயக் குறிகளும் கலந்து வந்தன. ஒரு மடல் மட்டும் முழுவதும் கேள்விக்குறிகளாகவே வந்தது.

மூன்றும் ஒரே கணினியில் ஒரே எழுத்துருவில் எழுதப்பட்டவை. வேறுபாடு வழியில் நேர்ந்தது.

2. ஏழு பிட் வழியில் எட்டு பிட் எழுத்து

1960களில் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி என்னும் குறியேற்றம் ஏழு பிட்டுகளைக் கொண்டது. பிட் என்பது சுழியம் அல்லது ஒன்று என்னும் ஓர் இருமை இலக்கம். ஏழு பிட்டுகளால் 0 முதல் 127 வரை 128 எண்களே கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தற்குறிக்கும் அவை போதும். மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லும் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, ஏழு பிட்டே அதன் அளவாகக் கொள்ளப்பட்டது.

தமிழோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கொண்ட மொழி. எட்டாவது பிட்டையும் சேர்த்தால் 128 முதல் 255 வரை மேலும் 128 இடங்கள் கிடைக்கும். ஆங்கிலத்தைக் கீழ்ப்பகுதியில் விட்டுவிட்டு, மேற்பகுதியில் தமிழை அமர்த்தலாம். ஆனால் 247 எழுத்துகள் 128 இடங்களில் அடங்கா. ஆகவே எழுத்தைத் துணைக்கால், கொம்பு, விசிறி என வரிவடிவக் கூறுகளாகப் பிரித்து, கூறுகளுக்கு எண் கொடுத்தனர்.

இம்முயற்சியில் நம் வட்டாரத்தின் பங்கு சிறப்பானது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளைத் தொடங்கி, பின்னர் முரசு அஞ்சலாக வளர்த்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடுவதற்கும் முன்னின்றார். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை அளித்தார். குறை ஒன்றே: ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனி எண் வரிசையைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் ககரமான எண், மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்தானது.

இதனைப் போக்கப் பல நாட்டுத் தமிழர் 1997 முதல் மின்னஞ்சல் வழியாகவே கலந்துபேசி வகுத்த பொதுக்குறியேற்றம் திஸ்கி. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. ஒன்றாக இருக்கவேண்டிய தரம் மூன்றானது.

3. 'தமிழ்' என்னும் சொல் பட்ட பாடு

நம் ஆசிரியர் எழுதியது திஸ்கியில். அதில் 'தமிழ்' என்னும் சொல் நான்கு எண்களால் ஆனது: தகரத்துக்கு 190, மகரத்துக்கு 193, இகர விசிறிக்கு 162, புள்ளியிட்ட ழகரத்துக்கு 250. பெறுபவரின் கணினிக்கு இது திஸ்கி என்று தெரியாவிட்டால், அது தனக்குத் தெரிந்த மேலை ஐரோப்பிய அட்டவணையைப் பார்க்கும். அங்கே 190 என்பது முக்கால் பின்னக்குறி. 193 மேற்கோடிட்ட பெரிய 'ஏ'. 162 அமெரிக்கச் சென்ட் காசின் குறி. 250 மேற்கோடிட்ட சிறிய 'யூ'. நாணயக் குறிகள் வந்த காரணம் இதுவே. எண்கள் சிதையவில்லை; அட்டவணைதான் மாறியது.

வழியிலுள்ள பழைய அஞ்சல் வழங்கி ஏதேனும் எட்டாவது பிட்டைத் துண்டித்துவிட்டால் நிலை வேறு. ஒவ்வோர் எண்ணிலும் 128 குறையும். 190 என்பது 62 ஆகி, வலப்பக்கம் நோக்கிய கூர்ங்குறியாகும். 193 என்பது 65 ஆகிப் பெரிய 'ஏ' ஆகும். 162 என்பது 34 ஆகி இரட்டை மேற்கோளாகும். 250 என்பது 122 ஆகிச் சிறிய 'இசெட்' ஆகும். அக்கூர்ங்குறியையே அஞ்சல் நிரல்கள் மறுமொழியில் பிறர் கூற்றைச் சுட்டப் பயன்படுத்துவதால், தகரத்தில் தொடங்கிய வரி பிறர் கூற்றாகவும் தோற்றம் கொள்ளும்!

வேறொரு நுட்பமான இழப்பும் உண்டு. திஸ்கியில் இகரத்துக்கு முதலில் அளிக்கப்பட்ட எண் 173. மேலை ஐரோப்பிய அட்டவணையில் அவ்வெண், வரி மடியும் இடத்தில் மட்டும் தலைகாட்டும் இணைப்புக்குறி. ஆகவே பல நிரல்கள் இகரத்தைக் காட்டாமல் மறைத்தன. தேயிலையைப் பற்றிய மடலில் 'இலை' என்னும் சொல் 'லை' என நிற்பதை எண்ணிப் பாருங்கள். பிற்பட்ட திஸ்கிப் பதிப்பு இகரத்துக்கு 254 என்னும் இடத்தையும் அளித்து இக்குறையை நீக்கியது.

4. ஒருங்குறி தந்த தீர்வும் எஞ்சிய சிக்கலும்

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்னும் நோக்குடன் 1991இல் ஒருங்குறி வெளிவந்தது. அதில் தமிழுக்கெனத் தனித் தொகுதி உண்டு. அங்குள்ள எண் வேறெம்மொழிக்கும் உரியதன்று. 1992இல் வகுக்கப்பட்ட மைம் என்னும் நெறி, இம்மடல் இன்ன குறியேற்றத்தில் உள்ளது என்று தலைப்பிலேயே சீட்டு ஒட்டும் வழக்கத்தைத் தந்தது. எட்டு பிட் எழுத்தை ஏழு பிட் குறிகளாகப் பொதிந்து அனுப்பும் முறைகளையும் அது தந்தது. விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறி பரவலாயிற்று.

இலக்கண நோக்கில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் காட்டும் முறை. ஒருங்குறி ஒலிமுறையைப் பின்பற்றிக் ககரத்தை முதலிலும் எகரக் குறியைப் பின்னும் வைக்கிறது. திஸ்கியோ கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பை முன்னே வைத்தது. 'கொழுந்து' என்பது திஸ்கியில் கொம்பு, க, துணைக்கால், ழு, ந், து என ஆறு எண்கள்; ஒருங்குறியில் எட்டு. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எண்ணுக்கு எண் வைக்கும் வேலையன்று, வரிசையையும் திருத்தவேண்டும்.

ஒருங்குறியை அனுப்பப் பெரிதும் பயன்படும் யூ.டி.எஃப்-8 முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். ஒரு பைட் என்பது எட்டு பிட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. சீட்டுத் தவறி, இவை மேலை ஐரோப்பிய அட்டவணையில் படிக்கப்பட்டால், மேற்கோடிட்ட சிறிய 'ஏ'யும் வட்டத்துள் 'ஆர்' இட்ட வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வரும். அக்குறிகளைக் கண்டால், உள்ளே இருப்பது பழுதற்ற ஒருங்குறித் தமிழ் என்று தெளியலாம்.

5. மீளும் சிதைவும் மீளாச் சிதைவும்

மேற்கூறியவற்றை மூவகையாகத் தொகுக்கலாம். முதலாவது, அட்டவணை மாறிய சிதைவு. எண்கள் முழுமையாக உள்ளமையால், உரிய குறியேற்றத்தைத் தேர்ந்தவுடன் எழுத்து முழுவதும் மீளும். இரண்டாவது, எட்டாவது பிட் இழந்த சிதைவு. தனித் தமிழ்ப் பகுதியாயின் 128ஐக் கூட்டிப் பெரும்பாலும் மீட்கலாம். ஆங்கிலமும் எண்ணும் விரவியிருந்தால், 65 என்பது மகரமா பெரிய 'ஏ'யா என்று சொல்லிடம் நோக்கியே துணிய இயலும்.

மூன்றாவது, கேள்விக்குறி. ஒரு நிரல் மடலை வேறு அட்டவணைக்கு மாற்ற முயன்று, அங்கே இணையான எழுத்து இல்லாதபோது, 63 என்னும் எண்ணுக்குரிய கேள்விக்குறியை இடுகிறது. தகரமும் 63, ழகரமும் 63. பழைய எண் எங்கும் எஞ்சுவதில்லை. எந்த மென்பொருளாலும் இதனை மீட்க இயலாது.

கேமரன் மலையிலிருந்து வந்த அந்த ஒரு மடல் இவ்வகையினது. கொழுந்தின் பருவங்களுக்கு மூதாட்டி ஒருவர் வழங்கிய பெயர்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை வரிவடிவக் கூறுகள் என்று இன்றும் எண்ணிச் சொல்லலாம். சொல் எது என்று சொல்ல இயலாது. மறுபடி அனுப்பும்படி உடனே கேட்டிருக்கவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று நாம் விட்டுவிட்டோம். சில மாதம் கழித்துக் கேட்டபோது ஆசிரியர் மாற்றலாகியிருந்தார், குறிப்பேடு மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்து மட்கியிருந்தது, மூதாட்டி மறைந்திருந்தார். பிழை செய்தது இடையில் நின்ற ஓர் அஞ்சல் வழங்கி. காலம் தாழ்த்தியது நாம்.

6. நாம் செய்யத்தக்கவை

இன்று எழுதும் மடல்களில் இச்சிக்கல் அரிது. ஆனால் பள்ளி அலமாரிகளிலும் பழைய நெகிழ்வட்டுகளிலும் 1990களின் ஆண்டுமலர்கள், நாடகங்கள், மாணவர் கட்டுரைகள் பழைய குறியேற்றங்களில் கிடக்கின்றன. அவற்றுக்கு மூன்று நெறிகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, புரியாத மடலையோ கோப்பையோ திறந்த நிலையில் மீண்டும் சேமிக்கலாகாது. மீளக்கூடிய சிதைவு மீளாச் சிதைவாவது பெரும்பாலும் அந்நேரத்திலேதான். மூலத்தை அவ்வாறே வைத்து, படியெடுத்து அதில் முயலவேண்டும்.

இரண்டாவது, எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று எழுதியவர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒருங்குறிக்கு மாற்றியபின், 'இலை', 'கொழுந்து', 'ஔவை' போன்ற சொற்களைத் தேடிப் பார்க்கவேண்டும். இகரம் மறைந்ததா, கொம்பு இடம் மாறியதா, ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்ததா என்பவை அவற்றால் விளங்கும்.

மூன்றாவது, தாளில் ஒரு படி அச்சிட்டு வைக்கவேண்டும். வரிவடிவத்தைப் படிக்க அட்டவணை வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு இதுவே நல்ல பயிற்சியாகவும் அமையும். ஒரு வகுப்பு, ஒரு பழைய நெகிழ்வட்டு, ஒரு தவணை என்று தொடங்கலாம். கேள்விக்குறியாகிவிட்டவற்றை மீட்க முடியாது. ஆயினும் வெறும் அட்டவணை மாறி நிற்பவை இன்னும் பல உள்ளன. அவற்றை எழுதியவர்களும், அவற்றில் பேசியவர்களை அறிந்தவர்களும் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைச் செய்து முடிக்கவேண்டும்.